பாதித் தொகை, பாதித் தவறு

“எம் மகன் மேல தப்பில்லைன்னு இதுல எங்க தாயி எழுதியிருக்கு?” என்று, சாலை விபத்தில் மகனை இழந்த அந்தத் தந்தை வழக்கறிஞரான என்னிடம் கேட்டபோது, இருதரப்பும் சமரசமாக வழக்கை முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்ற அமர்வில் எங்கள் வழக்கை அழைக்கச் சற்று நேரமே இருந்தது. லாரியின் காப்பீட்டு நிறுவனம் தர முன்வந்த இழப்பீட்டை ஏற்கும் கூட்டு மனுவில் அவருடைய மருமகள் கையெழுத்திட்டிருந்தார், மனைவி கைநாட்டு வைத்திருந்தார், அவர் மட்டுமே மீதம். தவறு யாருடையது என்பது இதில் எழுதப்படாது, தொகை மட்டுமே பதிவாகும் என்று சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “பாதிப் பணம்னா பாதித் தப்பு அவன் மேலன்னுதானே அர்த்தம்?” என்றார். “பணம் வேறு, தப்பு வேறு, ஐயா” என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

அந்தப் பதிலைத்தான் நான் இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

அவருடைய மகன் விடியுமுன் மல்லிகைப் பூ மூட்டையுடன் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்துகொண்டிருந்தபோது, சுற்றுச்சாலையில் விளக்கு எதுவும் இல்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த லாரியின் பின்புறத்தில் மோதி இறந்தார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் லாரி ஓட்டுநர். எனவே முதல் தகவல் அறிக்கையில், இருசக்கர வாகனத்தை அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியவராக இறந்தவரே குறிக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் உயிருடன் இல்லாததால் மேல் நடவடிக்கையும் கைவிடப்பட்டது. குடும்பம் அரசு ராசாசி மருத்துவமனையின் பிணவறை வாசலில் நின்றிருந்த நேரத்தில் எழுதப்பட்ட காகிதம் அது. மற்றவருக்கு ஆபத்து நேரும் வகையில் வாகனத்தை நிறுத்தி வைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை அந்த நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இருந்திருக்க வழியில்லை.

அவர்கள் என்னிடம் வந்தபோது, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த, இழப்பீட்டு மனு தாக்கல் செய்வதற்கான ஆறு மாதக் கெடு முடியும் தறுவாயில் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் அலைந்ததிலேயே காலம் போயிருந்தது. முதல் தகவல் அறிக்கை இறுதியான சான்று அல்ல என்பதும், கிரிமினல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புண்டு என்பதை வைத்தே விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் முடிவு செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் நேரில் பார்த்த சாட்சி இல்லை. விபத்து நடந்த இடத்துக்குக் காவல்துறை வரைந்த மாதிரி வரைபடத்தில் லாரி சாலையோரத்தில் நிற்பதாக வரையப்பட்டிருந்தது. அதன் பின் விளக்கு எரிந்ததா என்பது பற்றி எந்த ஆவணத்திலும் ஒரு வரி இல்லை. நின்ற வண்டியில் பின்னால் வந்து மோதிய வழக்குகளில் இறந்தவர் மீதும் ஒரு பங்கு கவனக்குறைவை ஏற்றிவிடுவது தீர்ப்பாயங்களில் அடிக்கடி நடப்பதுதான்.

கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கேட்ட கேள்வி அதற்குள்தான் இருக்கிறது. இறந்தவருக்கு வயது 32. சம்பளச் சீட்டு இல்லாத வருமானத்தை மாதம் 15,000 ரூபாய் என்று கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000. மனைவி, குழந்தை, தாய் என்று சார்ந்திருப்போர் மூவர் என்பதால் இறந்தவரின் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மாதம் 14,000, ஆண்டுக்கு 1,68,000. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி இந்த வயதுக்குரிய பெருக்கி, அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 16. ஆக 26,88,000 ரூபாய், அதன்மேல் ஈமச்செலவு முதலியன. தந்தைக்குத் தனி வருமானம் உண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுவதால் சார்ந்திருப்போர் எண்ணிக்கையில் அவர் சேர்வதில்லை. மகனின் அன்பை இழந்ததற்கென ஒரு நிலையான சிறு தொகை மட்டும் அவருக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனம் தர முன்வந்தது 14 லட்சம். இருதரப்பிலும் சரிபாதித் தவறு என்று தீர்ப்பாயம் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்கு அது மிக அருகில் இருந்தது. பெருக்கியையும் கழிவையும் அறியாத அவர் அதைச் சரியாகவே வாசித்தார்.

இருந்தாலும் அந்தத் தொகையை வாங்கிக்கொள்ளும்படி சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மருமகளின் கையில் பள்ளிக்குப் போகும் வயதில் ஒரு குழந்தை. பூ வாங்கி விற்ற கடன் ஊரில் நின்றது. வழக்கை நடத்தி முழுத் தொகைக்கு உத்தரவு பெற்றாலும், நிறுவனம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போகலாம். தோற்றால் இறந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பது, ஒரு ஏட்டு எழுதிய வரியாக இல்லாமல் நீதிபதியின் முடிவாகவே பதிவாகிவிடும். மக்கள் நீதிமன்றத்தின் உத்தரவுக்கோ மேல்முறையீடு இல்லை; 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்குத் தரும் இறுதித்தன்மை, கையில் ஒன்றுமில்லாத குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு. அதே இறுதித்தன்மைதான் அந்தத் தந்தையின் கேள்வியையும் மூடிவிட்டது என்பதை நான் மறுக்க முடியாது.

அவர் வழக்கை நடத்துங்கள் என்று கேட்டிருந்தால் நடத்தியிருப்பேன் என்று சில நேரம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மருமகளும் மனைவியும் கையெழுத்திட்ட பிறகு, அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் எப்படி அதைக் கேட்டிருப்பார்? அவருக்குப் பணம் வேண்டாமென்று தோன்றியிருந்தாலும், அந்தப் பணம் அவருடையது மட்டும் அன்று. நான் யாருக்கு வழக்கறிஞர் என்ற கேள்விக்கு வக்காலத்தில் உள்ள பெயர்கள் எல்லாமே விடை. அந்தப் பெயர்களுக்குள் தேவைகள் வேறுபடும்போது யாருடையதை முன்வைப்பது என்று வக்காலத்து சொல்வதில்லை.

இப்போது விபத்து நடந்த ஓரிரு நாளில் யாராவது தொலைபேசியில் அழைத்தால், இழப்பீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், குடும்பத்தின் தரப்பை எழுத்து மூலமாகக் காவல் நிலையத்தில் கொடுங்கள், வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள், நின்ற லாரியையும் அதன் பின் விளக்கையும் படம் எடுத்து வையுங்கள் என்கிறேன். துக்க வீட்டில் இதைச் சொல்வது கல்மனம் போலத் தோன்றும். சிலர் கோபித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்தும் இருக்கிறார்கள்.

சமரச மனுக்களில், ‘இந்த உடன்பாடு இறந்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை ஒப்புக்கொள்வதாகாது’ என்று ஒரு வரி சேர்க்கவும் கேட்டு வருகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களில் சிலர் தயங்காமல் ஒப்புகிறார்கள். வேறு சிலர், நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும், அதற்குள் இந்த அமர்வு முடிந்துவிடும் என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது குடும்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வரியை விட்டுவிட்டே கையெழுத்து வாங்குகிறேன்.