கிரைண்டர் காயமும் விபத்துப் பதிவேட்டில் ஏறிய ஒரு சொல்லும்

பட்டறையில் ஆங்கிள் கிரைண்டரால் இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தபோது, டிஸ்க் வெட்டுக்குள் சிக்கி இயந்திரம் உதறியதில் என் இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி ஆழமாகக் கிழிந்தது. பக்கத்தில் இருந்த சக தொழிலாளி முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு சுத்தமான துணியால் காயத்தை அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். துணி நனைந்ததும் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தினார்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, வீட்டில் வெட்டிக்கொண்டதாகச் சொல்லும்படி மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. எந்தக் கருவி, எந்த இடம், எத்தனை மணி என்று அங்கே முதலில் எழுதப்படும் குறிப்பைத்தான் பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். சிகிச்சைக்கும் அந்த உண்மை தேவை. கிரைண்டர் என்றதும் மருத்துவர் உலோகத் துகள் தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார். தையலுக்கு முன் விரலை மடக்கி நீட்டச் சொல்லி, நுனியைத் தொட்டு உணர்வைச் சோதித்தார். அழுக்குப் பட்ட காயம் என்பதாலும், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததாலும் மீண்டும் ஊசி போட்டார். உயர் அழுத்தப் பெயின்ட் ஸ்பிரே, கிரீஸ் கன் ஆகியவற்றால் ஏற்படுவது ஊசிமுனை அளவுத் துளையாக இருந்தாலும், அதன் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடிய காயம்.

பட்டறையின் விபத்துப் பதிவேட்டில், நான் திரும்புவதற்குள் காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவைத்திருந்தார்கள். திருத்தும்வரை கையெழுத்திட மாட்டேன் என்றேன். கிரைண்டரைத் துடைக்காமல், உடைந்த டிஸ்க்கோடு தனியே எடுத்துவைக்கச் செய்ததால் பேச்சு எளிதானது. இரு முனைகளை மட்டும் தாங்கி நடுவில் அறுத்தபோது குழாய் தொய்ந்து, வெட்டு மூடி டிஸ்க்கைக் கவ்வியிருக்கிறது. பட்டறையில் இருந்தவையோ இரண்டே தாங்கிகள். இதே வேலையில் வேறு சிலருக்கும் இயந்திரம் உதறியிருந்தும், காயம் படாததால் ஒருவரும் பதியவில்லை. அவர்களின் வாக்குமூலங்களும் சேர்ந்த பிறகு காரணம் மாற்றி எழுதப்பட்டது. கூடுதல் தாங்கிகளும் வந்தன.

தையல் பிரித்த பின்னும் விரல் முழுதாக மடங்கவில்லை. அதையும் மருத்துவச் சான்றோடு அதே விபத்தின் தொடர்ச்சியாகப் பதியவைத்தேன். அந்தப் பதிவு இருந்ததால் பிசியோதெரபி செலவை நிறுவனமே ஏற்றது.