முதல் ஊசி போட்டாச்சு, ரெண்டாவது ஊசி?

குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை எப்படி நடக்கிறது என்று கேட்டால், இந்த மாதம் புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். போன தடவை கருத்தடை ஊசி போட்டுக்கொண்டவர் இந்தத் தடவையும் வந்தாரா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நூறு பேர் சேர்ந்து நூறு பேர் விட்டுப்போனால், அந்த இழப்பு மாத அறிக்கையில் எங்கேயும் தெரியாது.

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1975-ல் வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பலர் வாங்கினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 1977-ல் முறையையே மாற்றினார்கள். படித்த உள்ளூர்ப் பெண்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய், பல முறைகளை எடுத்துச் சொல்லி, பக்கவிளைவு வந்தால் அதையும் கவனித்தார்கள். அப்போதுதான் பயன்பாடு உயர்ந்தது, உயர்ந்தது நிலைக்கவும் செய்தது. மாத்திரை இரண்டு தடவையும் இருந்தது. தொடர்ந்து வந்து கேட்க ஆள் இருந்தது இரண்டாவது தடவைதான்.

பெண்கள் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம், எதிர்பாராமல் வரும் ரத்தப்போக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியான டிஎம்பிஏ போட்டவர்களுக்கு முதல் சில மாதம் மாதவிடாய் தாறுமாறாக வரும். ஒரு வருடத்தில் பலருக்கு நின்றே போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள். “மொதல் சில மாசம் திட்டுத்திட்டாப் படும்மா. அப்புறம் வராமலே நின்னாலும் நிக்கும். கெட்ட ரத்தம் உள்ள தங்குதுன்னு பயப்படாதீங்க, தொந்தரவா இருந்தா தேதி பாக்காம வாங்க.” இதைச் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. ரத்தப்போக்கு தொல்லையாக இருந்தால், ஒவ்வாமையோ வயிற்றுப்புண்ணோ இல்லாதவருக்கு மெஃபனாமிக் ஆசிட் 500 மி.கி., சாப்பிட்ட பிறகு தினம் இரண்டு வேளை, ஐந்து நாள் கொடுக்கலாம். ரொம்ப அதிகமாகப் போனால் வேறு காரணம் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். ஊசியை நிறுத்திய பிறகு கரு உண்டாகச் சில மாதம் தாமதமாகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊசி போடுமுன் குப்பியை மெதுவாகக் குலுக்கி மருந்தைக் கலக்க வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் உடம்பில் கலந்து, மூன்று மாதத்துக்குக் காக்காமல் போகலாம்.

வாசலிலேயே திருப்பி அனுப்புவது அடுத்த கோளாறு. “மாதவிடாய் வரும்போது வாங்க” என்று அனுப்பப்பட்ட பெண் கர்ப்பத்தோடு திரும்பி வருவது உண்டு. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யச் சோதனைக் கிட் கூட வேண்டியதில்லை, ஆறு கேள்வி போதும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், முழுக்கத் தாய்ப்பால் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருக்கிறதா? கடைசி மாதவிடாய்க்கோ பிரசவத்துக்கோ பிறகு உடலுறவே வைத்துக்கொள்ளாமல் இருக்கிறாரா? பிரசவமாகி நான்கு வாரத்துக்குள்ளா? மாதவிடாய் தொடங்கி ஏழு நாளுக்குள்ளா? கரு கலைந்து ஏழு நாளுக்குள்ளா? வேறு நம்பகமான முறையைச் சரியாகப் பயன்படுத்தி வருகிறாரா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்து, கர்ப்ப அறிகுறியும் இல்லையென்றால், அவருக்கு ஏற்ற முறையை அன்றே தொடங்கலாம். காப்பர் டி என்றால் அந்த ஏழு நாள் பன்னிரண்டு நாளாகும். ஊசிக்குத் தாமதமாக வந்தவரையும் திட்டி அனுப்பக் கூடாது. நான்கு வாரம் வரை தாமதமானாலும் தாராளமாகப் போடலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஸ்டாக் கணக்கிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆறு மாதத்தில் செலவான ஊசிகள் மாதவாரியாக 40, 44, 0, 0, 36, 40 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் இரண்டு பூஜ்யமும் மருந்தே இல்லாத மாதங்கள். மொத்தம் 160-ஐ ஆறால் வகுத்தால் 27-க்குச் சற்றுக் குறைவாக வரும், மூன்று மாதத்துக்கு 80 கேட்பார்கள். மருந்து இருந்த நான்கு மாதத்தால் வகுத்தால்தான் உண்மையான தேவை 40, கேட்க வேண்டியது 120. ஒரு மாதச் சரக்கு இப்படியே குறைந்து, மறுபடியும் அலமாரி காலியாகும். ஊசிமருந்து வந்து சிரிஞ்ச் வராமல் போவதும் உண்டு, இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கேளுங்கள்.

கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியான இம்ப்ளான்ட்டை வைப்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில் எடுப்பதற்கும் ஆள் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. இம்ப்ளான்ட்டைத் தோலுக்கு நேர் கீழே வைக்காமல் ஆழமாக வைத்தால், எடுக்கும்போது விரலுக்குத் தட்டுப்படாது. தட்டுப்படாத குச்சியைத் தேடி வெட்டக் கூடாது, ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். காலம் முடியுமுன் எடுக்கச் சொல்லி வந்தாலும் எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்டு இழுத்தடிப்பது அவர் உரிமையைப் பறிப்பது.

வரவேண்டிய தேதிவாரியாக ஒரு பதிவேடு வைத்தால், யார் வரவில்லை என்பது வாரக் கடைசியில் தெரிந்துவிடும். ஆனால் தேடிப் போகுமுன், முதல் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு வரலாமா, போன் செய்யலாமா, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது. வீட்டுக்குத் தெரியாமல் ஊசி போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அட்டை மையத்திலேயே இருக்கட்டும், அடுத்த தேதியை மட்டும் வாயால் சொல்லி அனுப்புங்கள்.