பாதாள அறையும் பத்து நாள் கைதியும்

துப்பறியும் கதை எழுதும் நண்பன் ஒருவன், அத்தியாயம் அத்தியாயமாக எனக்கு அனுப்பிவைப்பான். இந்த முறை வில்லன் ஒரே ராத்திரியில், தனியாளாக, மண்ணுக்கடியில் அறை கட்டி ஒரு தொழிலதிபரைப் பத்து நாள் அடைத்துவைக்கிறான். கட்டட வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இதை எப்படி விடுவேன்?

முதலில் மண். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 மீட்டர் என்றால் 8 கன மீட்டர். வெட்டிய மண் உப்பும். 10 கன மீட்டர் ஆகிவிடும். அந்தக் குவியலை எங்கே ஒளிப்பான்? மூடிமேல் அரை மீட்டர் ஈரமண் போட்டாலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். வெறும் பலகை தாங்குமா? மழை பெய்தால் ஊற்று வேறு.

காற்று இன்னும் மோசம். சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். ஆக்சிஜன் தீருமுன்பே அது தலையைப் பிளக்கும். நம் தொழிலதிபரோ கடைசி நாள்வரை வசனம் பேசுகிறார். (வசனம் நன்றாகத்தான் இருக்கிறது.)

நிஜத்தில் நடந்தது இது: 1976-இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் 26 பள்ளிப் பிள்ளைகளையும் பஸ் டிரைவரையும் கடத்தி, ஒரு குவாரியில் புதைத்த வண்டிக்குள் அடைத்தார்கள். கூரை தொய்ந்தது. உள்ளே கிடந்த மெத்தைகளை அடுக்கி ஏறி, மூடியைத் தள்ளி, சுமார் 16 மணி நேரத்தில் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கடத்தியவர்களுக்கோ பணம் கேட்க போலீஸ் லைனே கிடைக்கவில்லை. ஊரே போன் செய்துகொண்டிருந்தது!

கைதியை இரண்டாம் அத்தியாயத்திலேயே தப்பவிடு என்றேன். முறைத்தான். இப்போது அறையை மொட்டைமாடிக்கு மாற்றியிருக்கிறானாம்.