தாத்தா தடை போட்டாரு, பேரன் டபுளா வச்சுக்கிட்டாரு

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஒரு கைத்துப்பாக்கி இருக்கு, புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக 1540கள்ல மியூனிக்ல பீட்டர் பெக்னு ஒருத்தர் செஞ்சது. மனுஷன் கடிகாரமும் செய்றவரு. அது ஆச்சரியமே இல்ல, ஏன்னா இந்தத் துப்பாக்கியில பத்த வைக்கிற 'வீல்லாக்'ங்கிற அமைப்பே பாதி கடிகார வேலைதான், சாவி போட்டு ஸ்பிரிங்க முறுக்கி வச்சிட்டு விசைய அழுத்தினா இரும்புச் சக்கரம் சர்ருனு சுத்தி பைரைட் கல்லுல உரசி பொறி தெறிச்சு வெடிமருந்து பத்திக்கும், எரியுற திரிய கையில பிடிச்சுக்கிட்டு அலைய வேணாம். இதுல ரெண்டு குழல் வேற, தனித்தனியா சுடலாம்!

போட்டோவ ஜூம் பண்ணிப் பாருங்க. செர்ரி மரப் பிடி முழுக்க மான்கொம்பு இழைச்சிருக்கு, இரும்பு மேல ஆசிட்ல அரிச்சு எடுத்த கோலத்துக்குத் தங்கப்பூச்சு, அதுல இரட்டைத்தலைக் கழுகு, ஹெர்குலிஸ் தூண் ரெண்டு, கூடவே 'பிளஸ் அல்ட்ரா' (இன்னும் அப்பால)ன்னு ராஜாவோட வாசகம். சுடுறதுக்கா இல்ல தூதர்ங்க வந்தா காட்டுறதுக்கான்னு கேட்டா நான் ரெண்டாவதுக்குத்தான் ஓட்டு போடுவேன், எடை வேற கிட்டத்தட்ட ரெண்டரை கிலோ.

இதுல காமெடி என்னன்னா, சார்லஸோட தாத்தா, பேரரசர் முதலாம் மாக்சிமிலியன்தான் இந்த வீல்லாக் மாதிரி தானா பத்திக்கிற துப்பாக்கியே கூடாதுன்னு 1517ல தன் ஆட்சிப் பகுதியில தடை போட்டவரு, துணிக்குள்ள ஒளிச்சு வச்சு எவனாவது சுட்டுருவான்னு பயம். சட்டமெல்லாம் ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்ல போல 😄