குறியீடு 2: குறை இல்லை

கேள்வி கேட்பதுதான் 11 வருடமாக என் வேலை. சமூக ஆய்வுகளுக்காக வீடு வீடாகவும் வேலையிடங்களுக்கும் போவேன். டேப்லெட்டில் இருக்கும் வினாப்பட்டியலை ஒருவர் எதிரில் உட்கார்ந்து வாசித்து, அவர் சொல்வதைக் குறியீடாகப் பதிவேன். ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 2, தெரியாது என்றால் 8, பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் 9. ஒரு மனுஷியின் முக்கால் மணி நேரப் பேச்சு கடைசியில் இந்த எண்களாகத்தான் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

போன வாரம் தங்கை மகள் போனில் கூப்பிட்டாள். கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்ற குழப்பத்தில் இருக்கிறாள். "சமூகவியல் படிச்சா புதுசா என்ன தெரியப் போகுது பெரியம்மா? அதிகாரம் யார் கையில இருக்குன்னு எல்லாருக்கும்தான் தெரியுமே" என்றாள். நல்ல கேள்வி. அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவளுக்கு வகுப்பு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தையல் தொழிற்சாலையில் பேட்டி எடுத்தோம். இடத்தையோ ஆட்களையோ அடையாளம் காட்டும் எதையும் எழுத மாட்டேன், பேட்டிக்கு முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு அது. எங்களுக்கு ஒதுக்கிய அறை சூப்பர்வைசரின் கேபினை ஒட்டியிருந்தது. நடுவில் கண்ணாடித் தடுப்பு. பேசுவது கேட்காது, ஆனால் யார் வருகிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும். 17ஆவது கேள்வி: "உங்கள் வேலையிடத்தில் ஏதேனும் குறைகள் உள்ளனவா?" இரண்டு நாளில் 42 பெண்களிடம் கேட்டேன். 42 பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "குறைன்னு எதுவும் இல்லைங்க." நானும் 42 முறை 2ஐ அழுத்தினேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவர்களில் ஒருத்தி கூடவே வந்தாள். நல்ல வெயில். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி, உதடு நனைகிற அளவுக்கு மட்டும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் குடிம்மா" என்றேன். "பழக்கமாயிடுச்சுங்க அக்கா. தண்ணி குடிச்சா டோக்கன் கேக்கணுமே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நின்று விளக்கினாள். கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக் வில்லை, அதில் லைன் நம்பர் எழுதியிருக்கும். ஒரு லைனில் 35 பேர், டோக்கன் இரண்டு. போனவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். "இது குறைதானே, உள்ளே கேட்டப்போ ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவள் முகத்தில் பயம் இல்லை, மறைக்கிற பாவனையும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "இதெல்லாமா குறை? வேலைன்னா அப்படித்தானேங்க. நான் சேர்றதுக்கு முன்னாடியே டோக்கன் இருந்துச்சு."

அன்று இரவு என் 42 இரண்டுகளையும் மறுபடி பார்த்தேன். எதுவும் பொய் இல்லை, எதுவும் உண்மையும் இல்லை.

படித்த காலத்தில் மனப்பாடம் செய்த பெயர்களெல்லாம் எனக்கு அன்றுதான் உயிரோடு வந்து நின்றன. அதிகாரம் என்பது எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு என்றார் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். அவர் இறந்த பிறகு அச்சான வரையறை அது. அந்த லைனில் எதிர்ப்பே இல்லையே? அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தை ஆராய்ந்து 1961இல் நூல் வெளியிட்ட அரசியல் அறிஞர் ராபர்ட் டால், முடிவெடுக்கும் இடங்களுக்குப் போய்ப் பார் என்றார். யார் முன்மொழிந்தார், யார் மறுத்தார், கடைசியில் யார் சொன்னது நடந்தது என்று எண்ணு. ஒழுங்கான முறைதான். ஆனால் டோக்கனைப் பற்றி யாரும் எதையும் முன்மொழியவில்லை, மறுக்கவில்லை. அந்த முறைப்படி பார்த்தால் அந்தத் தொழிற்சாலையில் அதிகாரம் என்ற பொருளே கண்ணில் படாது. மறு வருடமே, 1962இல், அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் பேக்ரக்கும் மார்ட்டன் பாரட்ஸும் அதைத்தான் கேட்டார்கள்: மேசைக்கு வந்த விஷயங்களில் யார் ஜெயித்தார் என்று எண்ணுகிறீர்கள், மேசைக்கே வராமல் போன விஷயங்களை யார் எண்ணுவது?

நடக்காத ஒன்றை எப்படி ஆராய்வது? இந்த இடத்தில்தான் எனக்குச் சமூக அறிவியல் மேல் பெரிய மரியாதை வந்தது. மேத்யூ கிரென்சன் என்பவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எஃகு நகரங்களை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் ஆலைப் புகை, இரண்டிலும் காற்று கிட்டத்தட்ட ஒரே அளவு கெட்டிருந்தது. கிழக்கு சிகாகோ 1949இலேயே காற்று மாசுக்கு எதிராகச் சட்டம் போட்டது. பக்கத்தில் இருக்கும் கேரி 1962 வரை போடவில்லை. ஏன் 13 வருடம்? கிழக்கு சிகாகோவில் பல எஃகு நிறுவனங்கள் இருந்தன. கேரியோ யுஎஸ் ஸ்டீல் என்ற ஒரே நிறுவனம் 1906இல் உருவாக்கிய ஊர். அந்த நிறுவனம் சட்டத்தை எதிர்த்துப் பெரிதாகப் போராடியதாக ஆவணம் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஆதரவும் சொல்லாமல் எதிர்ப்பும் சொல்லாமல் சும்மா இருந்தது. அதற்கு இருந்த பெயரே போதும், மற்றவர்கள் வாயைத் திறக்கத் தயங்கினார்கள். அந்த ஆய்வு 1971இல் வெளிவந்தது. கேரியை மட்டும் பார்த்தால் எதுவும் நடக்காத ஊர் என்றுதான் தோன்றும். பக்கத்து ஊரை அதோடு சேர்த்து வைத்ததும், நடக்காமல் இருந்ததே ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. தங்கை மகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அதிகாரம் யார் கையில் என்று எல்லாருக்கும் தெரியும், சரி. அது கையை அசைக்காமல் என்ன செய்கிறது என்பது அப்படிச் சுலபமாகத் தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒப்பீடு வேண்டும், பொறுமை வேண்டும், ஒரு முறை வேண்டும்.

1974இல் பிரிட்டிஷ் அறிஞர் ஸ்டீவன் லூக்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஒருவரின் விருப்பத்தையே உருவாக்கி, குறையைக் குறையாகவே தோன்றாமல் செய்துவிடுவதுதான் அதிகாரத்தின் ஆழமான வேலை என்றார். "வேலைன்னா அப்படித்தானேங்க" என்ற வாக்கியத்தைக் கேட்ட எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் அப்புறம் வந்தது. அவளுக்கு எது குறை என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல நான் யார்? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் இரண்டு வருடம் தங்கி அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் எழுதிய ஆய்வு 1985இல் வந்தது. அறுவடை எந்திரங்கள் வந்து ஏழைகளின் கூலி வேலை பறிபோன சமயம். நிலக்காரர்கள் முன்னால் பணிந்து பேசியவர்கள், அவர்கள் அந்தப் பக்கம் போனதும் வேறு மாதிரி பேசினார்கள். வேலையை இழுத்தடித்தார்கள், பட்டப்பெயர் வைத்தார்கள், கண்ணில் படாமல் நெல்லை ஒதுக்கினார்கள். யாரும் ஏமாந்துபோய்க் கிடக்கவில்லை, பேசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டார்கள் என்பது அவர் வாதம்.

அடுத்த முறை அதே தொழிற்சாலைக்குப் போனபோது அதையும் கண்ணால் பார்த்தேன். டோக்கன் ஆணியில் தொங்கும், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் யார் எடுப்பது என்ற முறையை வைத்திருந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு எப்போதும் முதல் வாய்ப்பு. மாத நாளில் இருப்பவர் கழுத்துத் துண்டை இடது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்ததும் முன்னால் இருப்பவர் எழாமல் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து மெஷின்காரி அவருடைய துணிகளையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார், எண்ணிக்கை குறையாது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இவ்வளவும் நடந்தது. இதைக் குறை என்று அழைக்காத அதே பெண்கள்தான் இதற்கு இவ்வளவு நுணுக்கமான பரிகாரத்தையும் கண்டுபிடித்திருந்தார்கள். லூக்ஸ் சரியா ஸ்காட் சரியா என்று தேர்வில் எழுதலாம். அந்த லைனில் நின்று பார்த்தபோது ஒரே பெண்ணிடம் இரண்டும் இருந்தன.

என் தப்பு எங்கே என்று அப்போதுதான் பிடிபட்டது. கேள்வியில் 'குறை' என்ற சொல்லை நாங்கள் போட்டிருந்தோம். குறை என்றால் மேலே போய்ச் சொல்வது, மனு எழுதுவது, சண்டை. அவர்கள் அகராதியில் அப்படி. அந்தக் கேள்வியை அவர்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து வேறு கேட்டிருக்கிறோம். கேள்வி கேட்பவரிடமும் அதிகாரம் இருக்கிறது. எதைக் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, எங்கே உட்கார வைத்துக் கேட்பது எல்லாம் நம் கையில்.

அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1896இல் பிலடெல்பியா நகரத்தின் ஏழாவது வார்டில் குடியேறி, சுமார் 2,500 குடும்பங்களை வீடு வீடாகத் தானே போய்ப் பேட்டி கண்டார். கறுப்பின மக்களிடம்தான் கோளாறு என்ற எண்ணம் ஊரில் ஏற்கெனவே பரவியிருந்தது. வேலை மறுக்கப்படுவதையும் வாடகைச் சுமையையும் அடிமைமுறை விட்டுப்போன வரலாற்றையும் எண்களோடு அடுக்கி அந்தக் கேள்வியையே அவர் திருப்பி வைத்தார். 1899இல் நூலாக வந்தது. ஏதோ விசித்திரப் பிராணி போலத் தங்களை ஆராய்வதை அந்த மக்கள் விரும்பவில்லை என்றும் பின்னாளில் அவரே எழுதினார். ஒவ்வொரு புது வீட்டுக் கதவைத் தட்டும்போதும் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும்.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒன்று கேட்டேன். வினாப்பட்டியல் தயாரிக்கும் கூட்டத்தில் களத்துக்குப் போகிற நாங்கள் ஏன் உட்காருவதில்லை? அத்தனை வருடமாக உட்கார்ந்ததில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை. கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள், யாரும் மறுக்கவில்லை. இப்போது இரண்டு பேர் போகிறோம்.

17ஆவது கேள்வியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, "நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும் வரை என்னென்ன செய்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்கிறோம். நடுவில், "இதற்கு யாரையாவது கேட்க வேண்டியிருந்ததா?" என்று மட்டும் ஒரு துணைக்கேள்வி. பேட்டி முன்பைவிட இருபது நிமிஷம் நீளும், ஆய்வாளர்களுக்கு வேலை இரட்டிப்பாகும். ஆனால் தண்ணீர், கழிப்பறை, போனைத் தொடுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தால் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் தானாகவே வந்து விழும்.

இன்னும் ஒரு விஷயத்தில் சண்டை முடியவில்லை. ஆமாம், இல்லை, தெரியாது என்பவற்றோடு, "இதைப் பற்றி யோசித்ததில்லை" என்று ஒரு குறியீடு வேண்டும் என்கிறேன். அதைக் கொடுத்தால் யோசிக்கச் சோம்பல்படுபவர்கள் எல்லாம் அதில் போய் விழுவார்கள், தரவு கெட்டுப்போகும் என்கிறார் எங்கள் மூத்த ஆய்வாளர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நானே பேட்டிகளில் பார்த்திருக்கிறேன். 30 பேட்டிகளில் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கிறது. குறியீடு 3. திங்கட்கிழமை தொடங்குகிறோம், ஷிப்ட் முடிந்த பிறகு, வெளியே, அவர்கள் சொல்கிற இடத்தில்.