அப்துல்லாவின் மகள்

"இவங்க எல்லாரும் அக்கா தங்கச்சியா சார்? அப்பா பேர் ஒண்ணாவே வருதே" என்று குரல் கலைஞர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டார். அதற்கான விடை, முந்தைய இரவு நான் பிரதியிலிருந்து நீக்கிய இரண்டு வரிகளில் இருந்தது. "இல்லைம்மா, அது அந்தக் காலத்து வழக்கம், அப்படியே படிங்க" என்றேன். அவரும் படித்தார்.

இஸ்தான்புல்லில் உள்ள, ஒட்டோமான் பேரரசின் தோப்காபி அரண்மனை அந்தப்புரத்தைப் பற்றிய ஆவணப்படம் அது. அதன் பிரதியைத் தமிழில் மொழிபெயர்த்தது நான். அங்கே கொண்டுவரப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் போரிலும் கொள்ளையிலும் பிடிபட்டு விற்கப்பட்ட கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். மதம் மாற்றப்பட்டு, புதுப்பெயர் சூட்டப்பட்ட பிறகு, ஆவணங்களில் அவர்களுடைய தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அப்துல்லா" என்று எழுதப்பட்டது. இறைவனின் அடியான் என்பது அதன் பொருள். பெற்ற தகப்பனின் பெயர் அழிந்துபோனதற்கு அந்த ஒரு சொல்தான் சாட்சி. நான் நீக்கிய வரிகள் இதைத்தான் சொல்லின.

நீக்கச் சொன்னவர் தயாரிப்புத் தரப்பில் பிரதியைச் சரிபார்த்தவர். "படம் முழுக்க அடிமை, அடிமைன்னு வருதே சார். தினப்படி வாங்கினவங்களை எப்படி அடிமைன்னு சொல்றது? அந்தப்புரப் பெண்கள்னு மாத்திடுங்க. இந்த விளக்கமும் வேண்டாம்" என்றார். அவர் அறியாமல் பேசியதாக நான் நினைக்கவில்லை. அவர் சொன்ன தினப்படி உண்மைதான். கணக்கேடுகளில் சாதாரணப் பணிப்பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சில அக்சே வெள்ளிக்காசுகளும், சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெமுக்கு 2,000 அக்சேயும் எழுதப்பட்டிருக்கின்றன. ஹுர்ரெமும் இன்றைய மேற்கு உக்ரைன் பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்டவர்தான். விடுதலை பெற்று 1530களில் முறைப்படி மணமுடிக்கப்பட்டவர். ஏழைகளுக்குச் சூப்பும் ரொட்டியும் வழங்க 1552இல் ஜெருசலேமில் அன்னசாலை நிறுவியவர். இத்தகைய ஒருவரைக் கடைசிவரை அடிமை என்றே எழுதுவது நியாயமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. பல ஆண்டு ஊழியத்துக்குப் பின் விடுவிக்கப்பட்டு, அதிகாரிகளுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட பெண்கள் ஏராளம் என்பதும் தெரிந்ததுதான். ஆகவே அன்று ஒப்புக்கொண்டதைக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை.

ஆனாலும் காசு கொடுத்ததனால் கதவு திறந்துவிடவில்லை. எஜமானரின் குழந்தையைப் பெற்றவளை விற்கக் கூடாது, அவர் இறந்தால் அவள் விடுதலையாவாள் என்று சட்டம் சொன்னது. பிள்ளை பெறாதவளுக்கு அந்தக் காப்பு இல்லை. சுல்தான் இறந்தால் அவருடைய பெண்கள் பழைய அரண்மனைக்கு மாற்றப்பட்டார்கள். போவதா இருப்பதா என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. இதையெல்லாம் அன்று நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். "அந்தப்புரம்" என்ற சொல் நம் காதில் விழும்போது அரசியும் தோழியும் பட்டுத் திரைச்சீலையும்தான் மனத்தில் தோன்றுகின்றன, சந்தையும் விலையும் தோன்றுவதில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னதெல்லாம், "சரி சார், காட்சியின் நீளத்துக்கும் அதுதான் ஒத்துவரும்" என்பது மட்டுமே.

அந்தக் காரணமும் பொய். பிறகொரு நாள் கோப்பைத் திறந்து அவ்விரு வரிகளையும் வாய்விட்டுப் படித்து நேரம் பார்த்தேன். ஒன்பது வினாடிகள் ஆயின. அந்தக் காட்சியில் பேச்சின்றி முற்றமும் நீரூற்றும் மட்டும் காட்டப்படும் இடமே பதினான்கு வினாடிகள்.

தமிழில் அடியார் என்றால் கைகூப்புகிறோம், அடிமை என்றால் முகம் சுளிக்கிறோம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. அரபியின் "அப்து" என்ற சொல்லுக்கும் இந்த இரு பொருளும் உண்டு. அந்தப் பெண்களின் தந்தை பெயரை மொழிபெயர்த்தபோது நான் "அடியான்" என்று எழுதினேனே தவிர "அடிமை" என்று எழுதவில்லை. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை; என் கை தானாகவே அந்தச் சொல்லைத் தேர்ந்தது. அப்படியானால் சரிபார்த்தவர் கேட்டதற்கு முன்பே நான் மென்மையாக்கத் தொடங்கியிருந்தேனா, அல்லது அது உண்மையிலேயே சரியான சொல்தானா என்பது இன்னும் எனக்குத் தெளியவில்லை. அண்மையில் அதே குரல் கலைஞரை வேறொரு பதிவில் சந்தித்தபோது அப்துல்லா யார் என்று சொல்லிவிட நினைத்தேன். அவருக்கு அந்தப் படமே நினைவில் இல்லை.