கண்ணாடிக் குழாயும் மீன் துண்டும்: நான்காவது முறை பலித்தது

முந்தாநாள் ராத்திரி என் நீச்சல் வண்டு ஒரு வழியாக மீன் துண்டு வைத்த கண்ணாடிக் குழாயைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போனது. ஒரு வண்டு சும்மா போனதற்கா இந்தக் குதி என்று கேட்டால், மூன்று வாரமாகக் குழாய் கழுவிய கைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் 1936-இல் எழுதிய சோதனைதான். வளர்ந்த நீச்சல் வண்டுக்குப் பெரிய கூட்டுக்கண்கள் உண்டு. ஆனாலும் கண்ணாடிக் குழாய்க்குள் இறைச்சியைக் காட்டினால் அது திரும்பியும் பார்க்காது. அதே இறைச்சியைத் துணியில் கட்டி இறக்கினால் வெறி பிடித்துத் தேடும். இரை தேட அதற்குக் கண்ணைவிட வாசனைதான் முக்கியம்.

படிக்கச் சுலபம். செய்தால் முதல் தடவையே வண்டு அரை நிமிடத்தில் குழாயைக் கட்டிக்கொண்டது! டின்பெர்கனையே கவிழ்த்துவிட்டோம் என்று ஒரு மணி நேரம் மிதப்பில் இருந்தேன். அப்புறம் வீடியோவை மெதுவாக ஓட்டினால், அது கடித்தது கார்க்கை. உள்ளே மீன் இருந்த பக்கம் வாயே வைக்கவில்லை. கார்க்கில் மீன் சாறு ஊறியிருக்கிறது. (விற்றவர் படத்தில் காட்டியது சிலிக்கான் மூடி, பெட்டியில் வந்தது கார்க். கேட்டால் பதில் இல்லை.)

இரண்டாவது தடவை சிலிக்கான் மூடி, ஆனால் மீனைத் தொட்ட விரலாலேயே அழுத்தி மூடினேன். மூன்றாவதில் குழாய் சுத்தம், கட்டித் தொங்கவிட்ட நூல் பழசு. வண்டு நூலைப் பிடித்து ஏறியது.

இப்போது செய்வது இப்படி. மீன் துண்டை டிஷ்யூவில் ஒற்றி, சுருட்டிய காகிதக் குழல் வழியாக உள்ளே தள்ளுகிறேன். குழாயின் விளிம்பில் மீன் படவே கூடாது. இந்த ஒரு இடத்தில்தான் முதல் இரண்டு தடவையும் கோட்டை விட்டேன் என்று சந்தேகம். குழாய் மிதக்காமல் இருக்க மீனுக்கு முன்பே கூழாங்கல் போட்டுவிட வேண்டும். மூடியபின் கையைக் கழுவி, வெளிப்புறத்தை வெந்நீரில் இரண்டு முறை அலசி, மீனே படாத வேறு இடுக்கியால் புது நூலில் இறக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தொட்டித் தண்ணீரை முழுசாக மாற்றுகிறேன். இல்லாவிட்டால் போன சுற்றின் வாசனையையே தேடிக்கொண்டிருக்கும்.

நான்காவது தடவை, வண்டு நீர்மட்டத்தில் பின்புறத்தை நீட்டி இறக்கை உறைக்கடியில் காற்று நிரப்பிக்கொண்டு, பின்னங்கால் இரண்டையும் ஒருசேரத் துடுப்புப் போட்டுக் கீழே வந்தது. குழாயில் ஒரு முறை முட்டிக்கூட விட்டது. முட்டிவிட்டு அப்படியே போய்விட்டது. மீன் அதன் முகத்துக்கு நேரே, நடுவில் கண்ணாடி மட்டும்.

அடுத்து துணி முடிச்சு. ஒரு நிமிடம் ஆகவில்லை, உணர்கொம்புகள் விறைத்தன, கோணல்மாணலாக ஓட ஆரம்பித்தது. வழியில் அகப்பட்டதையெல்லாம் பிடித்தது: கூழாங்கல், ஃபில்டர் குழாய், கடைசியில் தெர்மாமீட்டரின் ரப்பர் பிடி. அந்த ரப்பரை விட மனசே இல்லை. முடிச்சு இருந்தது நாலு விரல்கடை தூரத்தில்.

இதுவரை மூன்று சுற்று சுத்தமாக வந்திருக்கிறது. பத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதாகத்தான் திட்டம். ஆனால் நேற்றே இதே வண்டினத்தின் புழு ஒன்றைத் தனித் தொட்டியில் விட்டுவிட்டேன், பொறுமை இல்லை. அது அப்பாவுக்கு நேர்மாறு. வெளியே இடுக்கியை ஆட்டினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே தலையைத் திருப்புகிறது. அரிவாள் மாதிரி வளைந்த தாடைகளுக்குள் கால்வாய் ஓடுகிறது. அது வழியாகச் செரிமானச் சாற்றை ஏற்றி, இரையைக் கரைத்து உறிஞ்சும். காலையில் தலைப்பிரட்டையின் வெறும் தோல் மிதந்தது.

இதற்கும் அதே குழாய்ச் சோதனைதான், உள்ளே உயிருள்ள கொசுப்புழு. வாசனை வராமல் கண்ணில் மட்டும் பட வேண்டும். ஆக, ஐந்தாவது குழாய் இப்போது வெந்நீரில் கிடக்கிறது.